பி இறுதியில் வென்று வெண்கலம் பெறுவது முறையா? பெண்கள் 3000 மீட்டர் தொடர் சறுக்கலை முன்வைத்து

தடமும்கட்டையும் எழுதியது:

பெண்கள் குறுந்தட விரைவுச் சறுக்கல், அதாவது சிறிய பனித்தடத்தில் பலர் ஒன்றாகச் சுற்றிச் சறுக்கிப் போட்டியிடும் ஷார்ட் டிராக், பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது திறமைக்கான போட்டியல்ல, அதிர்ஷ்டக் குலுக்கல் என்று சொல்லிவிட்டுப் போவோர் பலர். அந்தக் கூற்றை மறுக்க விரும்புகிறேன். எளிய எடுத்துக்காட்டுகளை வைத்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை என்பதால், எதிர்த்தரப்பினர் முதலில் நீட்டக்கூடிய நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன்.

2018 பிப்ரவரி 20 அன்று, பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில், காங்னுங் பனி அரங்கில் பெண்களுக்கான 3000 மீட்டர் தொடர் சறுக்கலின், அதாவது அணியினர் மாறி மாறிச் சறுக்கும் ரிலேயின், இறுதிப்போட்டிகள் நடந்தன. அரையிறுதியில் வெளியேறிய அணிகளுக்கான பி இறுதி முதலில் நடந்தது. அதில் சுசான் ஸ்குல்டிங், யாரா வான் கெர்க்ஹாஃப், லாரா வான் ரைவன், யோரின் டெர் மோர்ஸ் ஆகியோர் அடங்கிய நெதர்லாந்து அணி 4 நிமிடம் 3.471 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தது. பதக்கத்துக்கான ஏ இறுதி அதன் பிறகு நடந்தது. தென் கொரியா, சீனா, இத்தாலி, கனடா ஆகிய நான்கு அணிகள் அதில் இறங்கின. விழுதலும் மோதலும் நிறைந்த அந்தப் போட்டியின் முடிவில், காணொளியைப் பார்வையிட்ட நடுவர்கள் சீனாவையும் கனடாவையும் தகுதிநீக்கம் செய்தார்கள். கொரியாவுக்குத் தங்கமும் இத்தாலிக்கு வெள்ளியும் கிடைத்தன. வெண்கலத்தைப் பெற ஏ இறுதியில் அணியே மிஞ்சவில்லை. எனவே அது பி இறுதியில் முதலாவதாக வந்த நெதர்லாந்துக்குப் போயிற்று.

அந்த வெண்கலம் முறையாக ஈட்டப்பட்டது என்பதே என் கருத்து. விதியை மீறாமல், விழாமல், தடத்தின் வளைவுகளைக் குறிக்கும் கட்டைகளுக்கு வெளிப்புறமாகவே சென்று முழுத் தொலைவையும் கடப்பது இந்த விளையாட்டில் வேகத்துக்கு அடுத்தபடியாக வைக்கப்படும் கூடுதல் தகுதி அன்று. அதுவே இந்த விளையாட்டு. மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணங்களோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இறுதிமணி எழுதியது:

தாங்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு தங்கள் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பதக்கத்துக்கான போட்டியில் பங்கேற்காத ஓர் அணி, பார்வையாளர் இடத்திலிருந்து பதக்கம் பெறுவதை வேறெந்த விளையாட்டில் நாம் இயல்பாக ஏற்றுக்கொள்வோம்? 1998 நாகானோ ஒலிம்பிக்கிலும் இதுவே நடந்தது. பெண்கள் 500 மீட்டரில் ஏ இறுதிக்குத் தகுதி பெறாத கொரியாவின் சுன் லீ-க்யுங், ஏ இறுதியில் இருவர் பதக்கத்துக்கு உரியவர்களாக முடிக்காததால், பி இறுதியிலிருந்து வெண்கலம் பெற்றார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிரிட்டனின் எலிஸ் கிறிஸ்டி 2016இல் சால்ட் லேக் சிட்டியில் 500 மீட்டரை 42.335 வினாடியில் கடந்து உலக சாதனை படைத்தவர். 2017இல் ராட்டர்டாமில் 1000, 1500 மீட்டர் பட்டங்களையும் ஒட்டுமொத்த உலகப் பட்டத்தையும் வென்றவர். அவரிடம் ஓர் ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லை. 2014 சோச்சியில் மூன்று தனிநபர்ப் பிரிவுகளிலும் தகுதிநீக்கம்; 2018இலும் விழுதல், காயம், தண்டனை என்றே முடிந்தது. அதே சோச்சியின் 500 மீட்டர் இறுதியில் கிறிஸ்டி, இத்தாலியின் அரியானா ஃபோன்டானா, கொரியாவின் பார்க் சுங்-ஹீ ஆகிய மூவரும் தொடக்கத்திலேயே மோதி விழுந்தனர். கடைசியில் வந்துகொண்டிருந்த சீனாவின் லி ஜியான்ரோ தனியாகச் சென்று தங்கம் வென்றார். லி ஜியான்ரோவின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உலகின் தலைசிறந்தவர் வெறுங்கையோடு திரும்புவதற்கும், நான்காம் இடத்தில் இருந்தவர் பொன் பெறுவதற்கும் இவ்வளவு எளிதாக வழிவிடும் ஒரு முறையை, திறமையை அளக்கும் முறை என்று எப்படிச் சொல்வது?

வளைவு எழுதியது:

இந்த விவாதத்தில் தடத்தைப் பற்றிப் பேசாமல் மேற்கொண்டு செல்ல முடியாது. ஒரு சுற்றின் நீளம் 111.12 மீட்டர். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள சாதாரணப் பனித்தளத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஏழு கறுப்புக் கட்டைகளை வைத்து இந்தத் தடத்தைக் குறிக்கிறார்கள். வளைவின் ஆரம் 8 மீட்டர்தான். பெண்கள் 500 மீட்டரில் நெதர்லாந்தின் ஸாண்ட்ரா வெல்ஸெபூர் 2022இல் சால்ட் லேக் சிட்டியில் பதித்த 41.416 வினாடியை எடுத்துக்கொண்டால், நின்ற நிலையிலிருந்து புறப்படும் நேரத்தையும் சேர்த்தே சராசரி வேகம் மணிக்கு 43 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இத்தனை வேகத்தில் அத்தனை சிறிய வளைவைச் சுற்றுவதற்கு உடலை ஏறக்குறைய பனியின்மீதே சாய்க்க வேண்டியிருக்கிறது. இடக்கை விரல்கள் பனியைத் தொட்டு வழுக்கிச் செல்வதற்காகவே கையுறையின் விரல்நுனிகளில் கெட்டியான குமிழ்கள் பொருத்தப்படுகின்றன. காலணியின் அடிப்பாகம் பனியில் உரசிவிடாதபடி, அதன் அடியில் உள்ள சறுக்குக் கத்தியை நடுவில் பொருத்தாமல் இடப்பக்கமாக ஒதுக்கி வைக்கிறார்கள்; வளைவின் போக்குக்கு ஏற்ப அதை மெல்ல வளைத்தும் விடுகிறார்கள். பெரிய தடத்தில் நடக்கும் நெடுந்தடப் போட்டிகளில் குதிகாலிலிருந்து பிரிந்து தாளமிடும் கத்தி (கிளாப் ஸ்கேட்) இங்கே அனுமதிக்கப்படுவதில்லை.

இந்த ஏற்பாடு அனைத்தும் ஒரே ஒரு நோக்கத்துக்கானது: வழுக்கி விழக்கூடிய எல்லைக்கு மிக அருகில், ஆனால் அதைத் தாண்டாமல் செல்வது. நெடுந்தடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை உண்டு, போட்டியிடுவது கடிகாரத்தோடு. இங்கே பாதை பொது, போட்டியிடுவது பக்கத்தில் இருப்பவரோடு. ஆகவே விழாதிருத்தல் என்பதைத் திறமைக்கு வெளியே வைத்துவிட்டு மீதியை மட்டும் அளக்க வேண்டும் என்று கேட்பது, இந்த விளையாட்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்பதாகும்.

இறுதிமணி அவர்கள் குறிப்பிட்ட சோச்சி இறுதியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அங்கே விழுந்த ஃபோன்டானா எழுந்து சென்று வெள்ளி பெற்றார். பார்க் சுங்-ஹீ எழுந்து, மறுபடியும் விழுந்து, மறுபடியும் எழுந்து முடித்து வெண்கலம் பெற்றார். எழுந்த கணத்திலேயே அவர்கள் இருவரும் மீதித் தூரத்தைக் கடக்க முனைந்ததை நான் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

தடமும்கட்டையும் எழுதியது:

வளைவு அவர்களுக்கு நன்றி. குலுக்கல் என்னும் வாதத்துக்கு மிகச் சிறந்த மறுப்பு ஃபோன்டானாவின் பதக்க வரிசையே என்று நான் கருதுகிறேன். பெண்கள் 500 மீட்டர் என்பது நாலரைச் சுற்றுகள் மட்டுமே கொண்டது. முந்துவதற்கு இடம் மிகக் குறைவு, தொடக்கத்தில் உள்தடம் கிடைப்பது பெரும் வாய்ப்பு. எதேச்சைக்கு அதிக இடம் உள்ள பிரிவு எது என்று கேட்டால் பலரும் இதையே சொல்வார்கள். அந்தப் பிரிவில் அவர் 2010இல் வெண்கலம், 2014இல் வெள்ளி, 2018இலும் 2022இலும் தங்கம் பெற்றார். நான்கு ஒலிம்பிக்குகளில், ஒவ்வொரு முறையும் முதற்கட்டம், காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று கடந்து வந்து பெற்றவை இவை. 2006 டுரினில் 15 வயதில் தொடர் சறுக்கலில் பெற்ற வெண்கலம் முதல் 2022 பெய்ஜிங் வரை அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் 11. குலுக்கலில் ஒரே பெயர் இத்தனை முறை வருவதில்லை.

தொடர் சறுக்கலிலும் அப்படியே. 1992 ஆல்பர்வில் முதல் 2022 பெய்ஜிங் வரை ஒன்பது ஒலிம்பிக் பட்டங்களில் ஆறு கொரியாவுக்குச் சென்றிருக்கின்றன. 2010 வான்கூவரில் அவர்கள் முதலில் கோட்டைக் கடந்தும் தகுதிநீக்கம் பெற்றதால் சீனா வென்றது. அந்த ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நாட்டின் பயிற்சி மரபு இந்தப் போட்டியை எந்த அளவுக்கு ஆண்டிருக்கிறது என்பது விளங்கும்.

நடுவர்மேசை எழுதியது:

தண்டனை விதிகளைச் சற்று விளக்கினால் நல்லது என்று எண்ணுகிறேன். இந்த விளையாட்டின்மீதான கோபத்தில் பெரும்பகுதி விதிகள் தெரியாமையிலிருந்தே பிறக்கிறது.

அடிப்படை இதுதான்: முன்னால் செல்பவருக்கு வழியுரிமை உண்டு. மோதல் நேர்ந்தால், முன்னால் இருப்பவர் முறைகேடாக நடந்துகொள்ளாத வரை, பொறுப்பு முந்த முயன்றவரையே சாரும். வளைவுக்குள் தாமதமாக நுழைந்து முந்த முயன்று மோதுவது, தடம் மாறி இடிப்பது, கையாலோ உடலாலோ தடுப்பது, நிறைவுக் கோட்டில் பிறருக்கு ஆபத்து விளையும்படி காலை உதைத்து நீட்டுவது ஆகியவை தண்டனைக்கு உரியவை. இடறி விழவைக்கப்பட்டவர் தகுதி பெறும் இடத்தில் இருந்திருந்தால், இறுதிக்கு முந்தைய கட்டங்களில் நடுவர் அவரை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தலாம். நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர், சில வேளைகளில் ஆறு பேர் நிற்பதற்குக் காரணம் இதுவே.

2018இன் 500 மீட்டர் இறுதியை நினைவுபடுத்துகிறேன். ஃபோன்டானாவுக்குப் பின்னால் இரண்டாவதாகக் கோட்டைக் கடந்த கொரியாவின் சோய் மின்-ஜியோங், முந்தும் முயற்சியில் கனடாவின் கிம் பூட்டானுக்கு இடையூறு செய்ததாகத் தகுதிநீக்கம் பெற்றார். வான் கெர்க்ஹாஃபுக்கு வெள்ளியும் பூட்டானுக்கு வெண்கலமும் கிடைத்தன. முடிவைத் தந்தவர்கள் நடுவர்கள். ஆனால் இணையத்தில் மிரட்டலும் வசையும் பூட்டான்மீது பொழிந்தன. அவர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பிறர் காணாதபடி மூட நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சோச்சி மோதலுக்குப் பிறகு, கிறிஸ்டிக்கும் இதுவே நடந்தது. தம் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சறுக்குக் காலணி அணியாதவர்கள், அரை வினாடியில் நிகழ்ந்த ஓர் உரசலுக்காக ஓர் இளம்பெண்ணின் உயிருக்கு மிரட்டல் விடுப்பதை எந்த நாட்டுப் பற்றாலும் நியாயப்படுத்த முடியாது. பூட்டான் அதன் பிறகும் அதே ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் வெண்கலமும் 1000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். நிறைவு விழாவில் கனடாவின் கொடியையும் ஏந்தினார். சோய் மின்-ஜியோங் நான்கு நாள்கள் கழித்து 1500 மீட்டரில் தங்கம் வென்றார். பாதிக்கப்பட்ட இரு வீராங்கனைகளும் பனியிலேயே விடையளித்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

இறுதிமணி எழுதியது:

வசை பற்றித் தாங்கள் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. இருப்பினும் என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இடையூறுக்கு உள்ளானவரை அரையிறுதியில் மேலே உயர்த்தலாம். இறுதியில் அவருக்கு என்ன பரிகாரம்? இடித்தவரை நீக்குவதால் இடிபட்டவர் இழந்த விநாடிகள் திரும்பி வருவதில்லை. 2018இன் தொடர் சறுக்கல் இறுதியில் இத்தாலி அணி கொரியாவுக்கு எட்டு வினாடிக்கும் மேல் பின்தங்கி முடித்தது. அந்த அணியின் உண்மையான வேகம் அதுவா?

வளைவு எழுதியது:

தொடர் சறுக்கலில் வேகம் என்பதே தனி ஆராய்ச்சிக்கு உரியது. எனவே சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

மொத்தம் 27 சுற்றுகள். அணிக்கு நால்வர், நால்வரும் ஒரே நேரத்தில் பனியில் இருப்பார்கள். ஒருவர் தடத்தில் பந்தயத்தில் இருக்க, மற்ற மூவரும் தடத்துக்கு உட்புறம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றரைச் சுற்றுக்கு ஒரு முறை மாற்றம் நடக்கும். அடுத்து இறங்க வேண்டியவர் தம் தோழிக்கு முன்னால் வந்து தாழக் குனிவார். பின்னால் வருபவர் தம் வேகம் அனைத்தையும் இரு கைகளால் அவருடைய இடுப்பில் செலுத்தித் தள்ளிவிட்டு விலகுவார். விதிப்படி தொட்டால் போதும், ஆனால் தள்ளாமல் தொடுவது என்பது இடர் நேர்ந்த வேளையில் மட்டுமே. யார் யாரைத் தள்ளுவது என்ற வரிசையைப் பயிற்சியாளர்கள் மிகக் கவனமாக அமைப்பார்கள், ஏனெனில் வலுவான உடல்வாகு கொண்டவரிடமிருந்து இலகுவான வீராங்கனைக்குக் கிடைக்கும் தள்ளல் ஒரு முழு இடத்தையே பெற்றுத்தரக்கூடும். கடைசி இரண்டு சுற்றுகளை ஒருவரே முடிக்க வேண்டும். அவர் விழுந்தால் மட்டுமே விலக்கு.

நான்கு அணிகளும் மாற்றம் செய்யும் தருணத்தில் அந்த நேர்பாதையில் எட்டுப் பேர் நெருங்கி இருப்பார்கள். உள்ளே காத்திருப்பவரும் உள்ளிருந்து விலகிச் செல்பவரும் பிறருக்கு வழிமறிக்காமல் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறுவதே தொடர் சறுக்கலின் தகுதிநீக்கங்களில் பலவற்றுக்குக் காரணம். 2018 இறுதியில் கனடா நீக்கப்பட்டதும் பந்தயத்தில் இல்லாத ஒருவர் வழியில் இருந்ததற்காகவே.

இனி, அதே போட்டியின் முதற்கட்டத்தைப் பாருங்கள். பிப்ரவரி 10 அன்று கொரியாவின் லீ யூ-பின், 23 சுற்றுகள் மீதமிருந்தபோது விழுந்துவிட்டார். விழுந்த இடத்திலிருந்தே அவர் கையை நீட்டினார். சோய் மின்-ஜியோங் விரைந்து வந்து அந்தக் கையைத் தொட்டுப் பந்தயத்தை ஏற்றுக்கொண்டார். அரைச் சுற்றுக்கு மேல் பின்தங்கிய அணி, ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்து, முதலிடத்திலேயே முடித்தது. நேரம் 4 நிமிடம் 6.387 வினாடி, அன்று அது புதிய ஒலிம்பிக் சாதனை. விழுந்தும் சாதனை படைக்கும் அணியை வைத்துக்கொண்டு, விழுதலால் திறமை அளக்கப்படாமல் போகிறது என்று எப்படி வாதிடுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒலிம்பிக்கில் கொரியா தங்கம் வென்ற ஏ இறுதியின் நேரம் 4 நிமிடம் 7.361 வினாடி. நெதர்லாந்தின் பி இறுதி நேரம் அதைவிட ஏறத்தாழ நான்கு வினாடி குறைவு. பதக்கம் தொங்கும் போட்டியில் எவரும் முன்னால் சென்று காற்றைக் கிழிக்கும் சுமையை ஏற்க விரும்புவதில்லை. ஒருவர் பின் ஒருவராக மறைந்து சென்று தக்க நேரத்துக்குக் காத்திருப்பார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நெதர்லாந்தினர் தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் சென்றார்கள். பதக்க வாய்ப்பு அநேகமாக இல்லை என்று தெரிந்தும் உலக சாதனை வேகத்தில் சென்ற அணிக்கு வெண்கலம் தகாது என்று நான் சொல்ல மாட்டேன்.

பனிச்சுவடு எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த வெண்கல அணியைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்கத் தோன்றியது. யோரின் டெர் மோர்ஸ் அதே ஒலிம்பிக்கில் நெடுந்தட 1000 மீட்டரில் தங்கம் வென்றிருந்தார். இந்த வெண்கலத்தோடு, ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் பதக்கம் பெற்ற முதல் பெண் ஆனார். லாரா வான் ரைவன் 2019இல் 500 மீட்டர் உலகப் பட்டத்தை வென்றார். 2020 ஜூலையில், பிரான்சின் ஃபோன்-ரோமூவில் பயிற்சி முகாமில் இருந்தபோது தன்னெதிர்ப்பு நோயால் தாக்கப்பட்டு, 27 வயதில் காலமானார். 2022 பெய்ஜிங்கில் ஸ்குல்டிங், வான் கெர்க்ஹாஃப், வெல்ஸெபூர், செல்மா பூட்ஸ்மா ஆகியோர் 4 நிமிடம் 3.409 வினாடியில் இதே பிரிவில் தங்கம் வென்று, அவரை நினைவுகூர்ந்தார்கள். வான் ரைவனுக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அந்த பி இறுதி வெண்கலம்தான். அதைத் தற்செயல் என்று எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நடுவர்மேசை எழுதியது:

பனிச்சுவடு அவர்கள் எழுதியதற்கு நன்றி.

இறுதிமணி அவர்கள் கேட்ட பரிகாரம் பற்றி: மறுபோட்டி என்பது தொடக்கத்தில் மட்டும் ஓரளவுக்கு உண்டு. முதல் வளைவின் நடுக்கட்டையை அடைவதற்குள் உடல் உரசலால் எவரேனும் விழுந்தால், தொடக்க நடுவர் போட்டியைத் திரும்ப அழைக்கலாம். அதைத் தாண்டிய பின் அழைப்பதில்லை. இது சரியான எல்லை என்றே நான் கருதுகிறேன். இறுதியின் நடுவில் நேரும் ஒவ்வொரு மோதலுக்கும் மறுபோட்டி தருவதானால், பின்தங்கியிருக்கும் வீராங்கனைக்கு மோதல் நிகழ்வதே நன்மையாகிவிடும். அதுவும் ஒரே நாளில் மூன்று கட்டங்களைக் கடந்து வந்த கால்களோடு மறுபடியும் 1000 மீட்டர் செல்லச் சொன்னால், முதல் முயற்சியில் முன்னணியில் இருந்து அதிகம் உழைத்தவரே இரண்டாவது முயற்சியில் அதிகம் இழப்பார்.

இறுதிமணி எழுதியது:

மறுபோட்டி வேண்டாம் என்பதற்குத் தாங்கள் தந்த காரணம் வலுவானது, அதை ஏற்கிறேன். பி இறுதி வெண்கலத்தையும், டெர் மோர்ஸ், வான் ரைவன் போன்றோரின் உழைப்பையும் நான் மறுக்கவில்லை. என் குறை ஓரிடத்தில் மட்டும் நிற்கிறது. காணொளி பார்த்துத் தீர்ப்பு அறிவிக்கும்போது, எந்தச் சுற்றில், எந்த வளைவில், எந்தச் செயலுக்காக ஒருவர் நீக்கப்பட்டார் என்பதை அந்தக் காட்சியோடு சேர்த்து அரங்கத் திரையில் எல்லாருக்கும் காட்ட வேண்டும். பூட்டானும் கிறிஸ்டியும் பட்ட துன்பத்தில் ஒரு பகுதியாவது அதனால் குறைந்திருக்கும்.

தடமும்கட்டையும் எழுதியது:

அந்தக் கோரிக்கையில் நானும் தங்களோடு நிற்கிறேன். குற்றத்தின் வகையைச் சொல்லி அறிவிக்கும் வழக்கம் இப்போது இருக்கிறது. காட்சியோடு அறிவிப்பது அதற்கு அடுத்த படி. தொடர் சறுக்கலில் இது இன்னும் தேவை, ஏனெனில் தொலைக்காட்சி பந்தயத்தில் இருப்பவரையே பின்தொடர்கிறது, தண்டனைக்குரிய செயலோ பல நேரங்களில் தடத்துக்கு உள்ளே, படக்கருவிக்கு வெளியே நடக்கிறது. கனடா நீக்கப்பட்டது ஏன் என்பதை அன்று நேரலையில் பார்த்தவர்களில் எத்தனை பேர் புரிந்துகொண்டார்கள் என்பது ஐயமே.